வேப்பமரத்து மஞ்சத்துணி

"ரம்பத்தைக் கீழ வைடா! முதல்ல என் கழுத்துல வை, பெறகு மரத்துல வைக்கலாம்!"

அய்யம்மாள் போட்ட சத்தத்தில், திண்டுக்கல் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மரம் அறுக்க வந்த ஆள் ரம்பத்தை எப்போதோ கீழே வைத்துவிட்டான். அவன் கண் வேப்பமரத்தை விட்டு அகலவில்லை.

நேற்று சாயங்காலம் வரை சும்மா நின்ற மரம். இன்றைக்கு விடிந்து பார்த்தால் அடிமரத்தைச் சுற்றி மஞ்சள் துணி! மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கீழே எலுமிச்சம்பழம் வேறு.

"சாமி மரத்துல நான் கை வைக்க மாட்டேங்க. புள்ளகுட்டிக்காரன்" என்றான் அவன்.

காண்ட்ராக்டர் சிவபிரகாஷுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "எவன் கட்டுனதுன்னே தெரியலை. இதுக்குப் போயிப் பயப்படுறியே!"

"ஆத்தாவே வந்து கட்டிருக்கா!" என்றாள் அய்யம்மாள்.

யார் கட்டினார்களோ, மகராசியாக இருக்கட்டும் என்று அவள் மனசு வாழ்த்திக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நிழலில்தான் அவள் பூக்கூடை. மரம் போனால் மல்லிகை உச்சிக்கு முன்னாலேயே வாடிப்போகும். வாடின பூவை யார் வாங்குவார்கள்? பொழப்பு அதோடு போச்சு.

மரத்தை எதற்கு வெட்டுகிறார்கள் என்று கேட்டால் வயிறு எரியும். வருசா வருசம் வெயில் கூடிக்கொண்டே போகிறதாம். பஸ்ஸுக்கு நிற்கிற ஜனங்கள் சுருண்டு விழுகிறார்களாம். அதனால் பேரூராட்சி இரும்புத் தகட்டில் நிழற்குடை போடப்போகிறதாம். நிழல் தருகிற மரத்தை வெட்டிவிட்டு நிழற்குடை! கேட்கிறவன் கேணையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியுது என்பார்கள்.

பேரூராட்சி ஜீப் வந்து நின்றது. தலைவி அல்போன்சா இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்பதால் ஊருக்கே அவள் டீச்சர்தான். பின்னாலேயே அலுவலகப் பெண் ரூபி ஒரு துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பிளாஸ்டிக் பையை ஒழிக்க, பஸ் ஸ்டாப் கடைக்காரர்களுக்கு இன்றைக்கு மஞ்சப்பை கொடுக்கிறார்களாம்.

அய்யம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாங்க டீச்சர், வாங்க! ஒரு கையில மஞ்சப்பை, ஒரு கையில ரம்பமா? நல்லாருக்கு உங்க நியாயம்!"

"நான் வேணாம்னுதான் சொன்னேன் அய்யம்மா. கவுன்சிலருங்க அம்புட்டுப் பேரும் கையத் தூக்கிட்டாங்க. நான் ஒருத்தி என்ன செய்ய?"

"கதை விடாதீக! நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க. மாரியாத்தா அருமை உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

அல்போன்சாவின் முகம் சுண்டிப்போனது.

சிவபிரகாஷ் இடையில் புகுந்தான். "டீச்சர், தீர்மானம் போட்டாச்சு. இந்தத் துணிய அவுத்துப் போடச் சொல்லுங்க. ஒரு மணி நேரத்துல வேலைய முடிச்சுர்றேன்."

"யாரை அவுக்கச் சொல்றீங்க, தம்பி? நான் அவுத்தா ஊரு என்ன பேசும்னு இப்பத்தானே உங்க காதாலயே கேட்டீங்க. நீங்க கும்புடுற சாமி. நீங்களே அவுத்துருங்க."

சிவபிரகாஷ் விறுவிறு என்று மரத்துக்குப் போனான். துணியின் முடிச்சில் கை வைத்தான்.

போன கை அங்கேயே நின்றது. அவன் குங்குமத்தைப் பார்த்தான். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான்.

"வீட்ல சம்சாரம் மாசமா இருக்கா டீச்சர்" என்றான், குரல் இறங்கி.

"அப்ப என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்க."

"மரத்த விட்டுட்டு அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுரலாம். எடம் இருக்கு."

"அப்படியே போடுங்க. கவுன்சிலருங்ககிட்ட நான் பேசிக்கிறேன். மரம் பக்கத்துல நின்னா தகரமும் கொதிக்காது."

ரம்பம் வண்டி ஏறிப் போனது. பெண்கள் குலவை போட்டார்கள். அய்யம்மாள் கூடையிலிருந்து முழுசாக ஒரு சரம் மல்லிகையை எடுத்துக்கொண்டு மரத்துக்கு ஓடினாள்.

சிவபிரகாஷ் கை வைத்ததில் முடிச்சு தளர்ந்திருந்தது. இறுக்கிக் கட்டலாம் என்று துணியை இழுத்தாள். உள்பக்கம் வெளியே புரண்டது. அதில் பச்சை எழுத்து.

எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'பிளாஸ்டிக் பை வேண்' என்பதோடு துணியைக் கிழித்து அடுத்த துண்டோடு முடிந்திருந்தது.

அவசர அவசரமாக எழுத்தை உள்ளே மடித்து, இறுக முடிந்து, அதன் மேலேயே பூவைச் சுற்றினாள்.

ரூபி கடை கடையாகப் பை கொடுத்துக்கொண்டே வந்தாள். பழக்கடை சர்புன்னிசாவுக்குக் கொடுத்துவிட்டு அய்யம்மாளிடம் வந்தபோது ரூபியின் கையிலிருந்த கட்டு காலி.

"ஒண்ணு குறையுதே டீச்சர்! கடைக்கு ஒண்ணுன்னு எண்ணித்தான கட்டு வந்துச்சு? நேத்து உங்க வீட்லதான வச்சிருந்தீங்க?"

"எங்கயாவது விழுந்திருக்கும்" என்றாள் அல்போன்சா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "அய்யம்மாளுக்கு நாளைக்குக் கொண்டாந்து தாரேன்."

அய்யம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன வாய் இது, இம்புட்டுப் பேசிவிட்டதே! கிட்டே போய், வேறு யார் காதிலும் விழாமல் சொன்னாள்:

"வேணாம் டீச்சர். என் பையை நீங்க நேத்தே குடுத்துட்டீக."