விட்டுப்போன பெயர்

“ஜெயிச்சவ மேல உனக்கு என்னம்மா அவ்வளவு கோபம்?”

விளையாட்டுப் பக்க ஆசிரியர் அவள் எழுதிய செய்தி வந்திருந்த கல்லூரிப் பத்திரிகையை மேஜைமேல் பொத்தென்று போட்டார். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவள் இன்னும் கொஞ்சம் நுனிக்கு வந்தாள். இருப்பதோ ஒரே ஒரு நிருபர் வேலை. வெளியே பெஞ்சில் இன்னும் ஏழு பேர். தேடி வந்த வங்கி வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு இங்கே வந்திருக்கிறாள்.

“கோபமெல்லாம் இல்ல சார்.”

“அப்புறம்? ஐயாயிரம் மீட்டர் ஓட்டம். முதல்ல வந்தவளுக்கு ஒரே ஒரு வரி. ‘இறுதியாண்டு மாணவி ஒருவர் முதலிடம் பெற்றார்.’ தீர்ந்தது! கடைசியா வந்தவளுக்கு மட்டும் முக்கால் பக்கம்!”

அந்த முக்கால் பக்கத்தை அவர் இரண்டு தடவை படித்திருந்தார். அதைச் சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று சொல்லவில்லை. பாதியில் ஒரு ஷூ கழன்றுபோக, ஒற்றை ஷூவோடு மீதிச் சுற்றுகளை ஓடிய பெண்ணைப் பற்றியது அது. நடுவர்கள் மேஜையை மடித்துத் தூக்கப்போன நேரத்தில் கோட்டைத் தாண்டியவள், மூச்சு வாங்க முதலில் கேட்டது, “என் டைமைக் குறிச்சீங்களா?”

“இதெல்லாம் யாரு சொல்லி எழுதின?”

“நானே பார்த்தேன் சார். கோட்டுக்குப் பக்கத்துலதான் நின்னேன். அவ வந்து சேர்ற வரைக்கும் எனக்கு வேற வேலை இல்ல.”

“கண்ணு இருக்கு, கையும் ஓடுது. ஆனா ஜெயிச்சவ பேரைக்கூட விசாரிக்காத நிருபரை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? மறுநாள் வாசகர்கள் போன் போட்டு என்னைத்தானே கிழிப்பாங்க!” அவர் பேனாவை மூடினார். “சரி, போயிட்டு வா. அடுத்த ஆளை வரச் சொல்லு.”

அவள் எழுந்தாள். கதவு வரை போனவள் சட்டென்று திரும்பினாள்.

“பேர் தெரியும் சார். செய்திக்குள்ள அந்தப் பேரைப் போடக்கூடாதுன்னு எங்க பேராசிரியர் கறாரா சொல்லிட்டார்.”

“ஜெயிச்சவ பேரைப் போடாதேன்னு சொன்னாரா? நல்ல பேராசிரியர்! அப்ப வேற எங்கதான் போடுவீங்களாம்?”

அவள் திரும்பி வந்து, பத்திரிகையை அவர் பக்கம் நகர்த்தி, தலைப்புக்குக் கீழே விரலை வைத்தாள்.

“‘எழுதியவர்’னு இருக்கே சார், அங்க.”

ஆசிரியர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.