இறங்கத் தேவையில்லாத எஞ்சின்

அன்று மழை பெய்ததா என்பதில் எனக்கே சந்தேகம்தான். மற்றவை ஏறக்குறைய சரியாக நினைவிருப்பதாக நம்புகிறேன்.

தோவாளைப் பூவெல்லாம் சிறு விமானங்களில் சென்னைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். எங்கள் விமானம் எரிபொருளுக்காகத் தினமும் புதுக்கோட்டையில் இறங்கும். பம்பு அடிக்கும் அடைக்கலமும் விமானி மெர்லினும் அப்போது பேசிக்கொண்டிருப்பார்கள். இருவரும் எதைச் சொல்லாமல் தள்ளிப்போடுகிறார்கள் என்பது பின்னால் கூடைகளோடு உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும்.

பிறகு புது எஞ்சின் வந்தது. பாதி டேங்க்கிலேயே சென்னை போய்விடலாம். சில நாட்கள் புதுக்கோட்டையில் இறங்காமல் மேலேயே பறந்து போனோம். ஒரு காலையில் மெர்லின் சொல்லாமல் கொள்ளாமல் விமானத்தை அங்கே இறக்கினாள்.

அடைக்கலம் குழாயோடு ஓடி வந்து மூடியைத் திறந்து பார்த்தான். "முக்கால் டேங்க்கு இருக்கே மேடம். எஞ்சின் கோளாறா?"

"எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. இனி இங்க இறங்க ஒரு காரணமும் இல்லையாம்."

அவன் மூடியைத் திருகி மூடினான். "ஒரு காரணம் நான் சொல்லவா?"

"சீக்கிரம் சொல்லும். பூ வாடுது."

சொன்னான்.

அவர்களுக்குக் கல்யாணமானது. பம்பு மூடப்பட்டது. இப்போது கூடைகளோடு என் இடத்தில் அடைக்கலம் பறக்கிறான். நான் தோவாளையில் மாலை கட்டுகிறேன்.