கழுத்துக்குப் பூசிய பவுடர்

'பாவம் இந்த மனுஷர். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்.'

கழுத்தில் கன்றிப்போயிருந்த விரல் தடங்களின் மேல் பவுடரை அப்பிக்கொண்டே நினைத்தாள் அவள். தொலைந்துபோன ஒரு கைக்குட்டையால் சந்தேகம் பிடித்த கணவன் மனைவியின் கழுத்தை நெரித்துக் கொல்லும் நாடகம். மேடையில் மட்டுமல்ல, வீட்டிலும் அவர்தான் அவள் கணவர்.

ஆரம்பத்தில் நெரிப்பு வெறும் பாவனையாகத்தான் இருந்தது. டைரக்டர் அவர் காதைக் கடிக்கத் தொடங்கிய பிறகுதான் விரல்கள் நிஜமாகவே இறுகின. டைரக்டர் அவரிடம் சொன்னதை இன்று திரைக்குப் பின்னால் நின்று அவளே கேட்டுவிட்டாள். "உன் பொண்டாட்டி அந்த லைட் போடறவன்கூட காபி குடிச்சா. சிரிப்பு வேற!"

கணவர் ஒப்பனை அறைக்குள் வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, டைரக்டர் சொல்றது அத்தனையும் பொய். லைட் போடறவர் முகத்தைக்கூட நான் சரியாப் பார்த்ததில்லை."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான்தானே சொல்லச் சொன்னேன்! தினம் புதுசா ஒண்ணு காதுல போட்டாத்தான் எனக்கு உள்ளே பத்திக்கிட்டு எரியுது. நேத்து கைதட்டல் ஓயவே இல்லையே, கேட்டியா?" கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டார். "இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டுக்க. மணி அடிச்சாச்சு, வா."

மேடையில் அவள் சாவுக்குக் காரணமாகும் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள். தடங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கைக்குட்டையை மடித்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்க போங்க. நான் வரலை."