ஒன்பது சோடி

"இதை ஆரைப் பாத்துக் கொப்பியடிச்சனீர்?"

மரியகொறற்றி டீச்சர் விடைத்தாளை மேசையில் போட்டார். கேட்ட கையோடு எழுந்துபோய் வாசல் கதவையும் சாத்திவிட்டு வந்தார்.

அருட்செல்வி மேசையில் கிடந்த தாளை எட்டிப் பார்த்தாள். வெள்ளவத்தை லொட்ஜிலிருந்து பஸ் மாறி கொட்டாஞ்சேனைக்குப் படிக்க வருகிறவள். டியூசனில் சேர்ந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, அதற்குள் கள்ளப் பட்டமா?

"கொப்பியடிக்கேல்லை மிஸ். பாடமாக்கினது."

"பரம்பரையலகைக் காவுற நிறமூர்த்தம், பழ ஈக்கு எத்தினை சோடி?"

"ஒன்பது."

"நாலு!" டீச்சரின் குரல் உடைந்தது. "நேற்றுக் கூர்ப்புப் பாடத்தில என்ன சொன்னனான்? எலி தன்ர உடம்பிலேயே விற்றமின் சி செய்யும். எங்களுக்கும் ஏலாது, குரங்குக்கும் ஏலாது. ஏன்?"

"அந்தப் பரம்பரையலகு ரெண்டு பேரிலயும் ஒரே மாதிரிப் பழுது மிஸ். அப்ப ரெண்டுக்கும் மூதாதை ஒண்டு."

"ஓம். சரியை ஆரும் எழுதலாம். ஒரே பிழை ரெண்டு இடத்தில இருந்தா, அது ஒரு இடத்தில இருந்துதான் வந்திருக்கும். சொல்லும் பிள்ளை, இது எங்கயிருந்து வந்தது?"

"அக்கா, அந்தப் பிள்ளையை விடுங்கோ."

மூலையில் இருந்த தம்பி ஹெக்டர் குறுக்கிட்டான். காலையிலிருந்து ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, பேனை மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருக்கிறான். "ஒரேயொரு கையெழுத்து. அத்தான்ர மரணப் பத்திரம் இல்லாமல் கனடாக்காரன் உங்களுக்கு விசா தரமாட்டான். நாலாம் ஆண்டு படிக்கிற உங்கட மகள் றோஸியையும் யோசியுங்கோ."

டீச்சரின் கணவர் பேர்னாட் மாஸ்டரை மட்டக்குளி பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் மூன்று வருடம். பொலிஸ், ஆமி முகாம் என்று டீச்சர் ஏறி இறங்காத படி இல்லை. போன இடமெல்லாம் 'அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை' என்றார்கள். இன்று கையெழுத்துப் போட்டால் மாஸ்டர் செத்தவர்தான், சட்டப்படி.

மாஸ்டர் இருந்த காலத்தில் அவருடைய உயிரியல் நோட்ஸ்தான் போட்டோக்கொப்பியாக ஊரெல்லாம் ஓடியது. மற்ற மாஸ்டர்மார் அதைத் திருடித் தங்கள் சரக்கென்று விற்றார்கள். மனுஷன் லேசுப்பட்டவரா? ஒவ்வொரு வருடமும் பழ ஈயின் எண்ணிக்கையை வேண்டுமென்றே மாற்றி எழுதுவார், தன் வகுப்பில் மட்டும் வாயால் திருத்துவார். அந்தப் பிழை எங்கே முளைக்கிறதோ, அங்கே கள்ளன்.

கடைசி வருடம் ஆறு. அதற்கு முந்தி ஐந்து. அதற்கும் முந்தின வருடம் நாலு வந்து, பொறியே சரியான விடையாகிப் போனது. அப்போதும் எண்ணை மாற்ற மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

அருட்செல்வி ஹெக்டரைப் பார்த்தாள், பிறகு சாத்திய கதவைப் பார்த்தாள். "சொன்னா லொட்ஜில பொலிஸ் பிரச்சினை வருமோ மிஸ்?"

"இந்த வீட்டை விட்டு வெளியில போகாது. சொல்லும்."

"அண்ணான்ர கொப்பி. போன மாசம்தான் அவரைத் தடுப்பு முகாமில இருந்து விட்டவங்கள். உள்ளுக்க படிப்பிக்கிற சேர் ஒருத்தர் நோட்ஸ் எழுதி விடுறவராம். அண்ணா ஆளைக் கண்டதே இல்லை. அடுத்த கட்டிடத்தில இருந்து தாள் வருமாம், பாத்து எழுதிப்போட்டு மற்றாக்களுக்குக் குடுக்கிறதாம்."

பேனை மூடியின் சத்தம் நின்றது. வெளியே ஒரு ட்ரக் உறுமிக்கொண்டு போனது.

"அக்கா, சும்மா ஆசைப்படாதேங்கோ." ஹெக்டர் கதிரையை விட்டு எழுந்தான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. "அத்தான்ர பழைய நோட்ஸ் ஊரெல்லாம் கிடக்கு. பிடிபட்ட பெடியன் ஒருத்தன் அதைப் பாடமாக்கி வைச்சு உள்ளுக்க எழுதியிருப்பான். அந்தப் பிழைதான் இது."

டீச்சர் கையை நீட்டினார். ஹெக்டர் பெருமூச்சோடு படிவத்தையும் பேனையையும் கொடுத்தான்.

டீச்சர் படிவத்தின் குறுக்கே, மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தார்.

"என்னக்கா செய்யிறீங்கள்!"

"பழைய நோட்ஸில ஆறு, ஹெக்டர்." டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். "றோஸிக்கு இப்பதான் ஒன்பது வயசு."