வேறொருவர் இணைப்பில் இருக்கிறார்

புது மடிக்கணினியில் மகளின் படங்கள் திறக்கவில்லை. அவை பழைய கணினியில் ஒரு ஃபோல்டரில் இருந்தன. வீட்டுக்குள் யாரும் பார்க்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்று அவனே அமைத்திருந்தான். கீழ்த்தளத்தில் தனியாக இருந்த அம்மாவுக்காகச் செய்த ஏற்பாடு அது. பேத்தியைப் படியிறக்கிக் கூட்டிப்போய்க் காட்ட யாருக்கும் நேரம் இருந்ததில்லை. அம்மா இறந்துபோன பிறகு கீழ்த்தளம் பூட்டியே கிடந்தது.

ரவுட்டரை அணைத்துப் போட்டான். கேபிளை மாற்றினான். கடவுச்சொல்லைத் திரும்ப அடித்தான். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: வேறொருவர் இணைப்பில் இருக்கிறார்.

பழைய கணினியில் இணைப்புப் பட்டியலைத் திறந்தான். அம்மாவின் கணினி அதில் இருந்தது. அந்தப் பெயருக்கு எதிரே மகளின் படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

“அத்தையோட கம்ப்யூட்டரைத்தான் பழைய சாமான் கடையில போட்டாச்சே?” என்றாள் மனைவி.

“பழசு ஏதாவது மாட்டிக்கிட்டு நிக்கும்.”

“நிக்கலையே, நகருதே. இப்ப பாருங்க, ‘பல் விழுந்த நாள்’. அது போன வாரம் எடுத்ததுங்க.”

“சும்மா இரேன்.”

அவன் ‘துண்டி’ என்பதை அழுத்தினான். அம்மாவின் கணினி பட்டியலிலிருந்து மறைந்தது. மடிக்கணினியில் படங்கள் வரிசையாக வந்து நிறைந்தன.

சமையலறைச் சுவரில் கீழ்த்தளத்து இன்டர்காம் அடித்தது. மனைவி அசையவில்லை. அவன்தான் எடுத்தான்.

“படம் வரலைப்பா.”

சொல்லிச் சொல்லிப் பழகிய பதில், யோசிக்கும் முன்பே அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

“வயர்ல ஏதோ கோளாறும்மா. நாளைக்கு இறங்கி வந்து பாக்கறேன்.”