பொன்னுருக்க நாள்

“என்னை மறிக்காதேங்கோ.”

“மறிக்கேல்லை, பிள்ளை. போட்டு வா.”

பிரான்ஸ் படையோடு ஆபிரிக்கப் போருக்குப் போன பிள்ளையிடம் ஞானாம்பிகை கைபேசியில் அப்படித்தான் சொன்னாள். “போகாதை” என்ற சொல்லை அன்று விழுங்கிவிட்டாள்.

“படையைத் திருப்பி எடுப்பாங்களோ?”

“பாராளுமன்றத்திலை இன்னும் அடிபடுறாங்கள்,” என்றார் கணவர் பரமலிங்கம். “சம்பந்தி வீட்டார் தாலிக்குப் பொன்னுருக்க நாள் கேக்கினம்.”

“உருக்கினால் பொம்பிளை மாப்பிள்ளை படி தாண்டக்கூடாதெல்லே! போர்க்களத்திலை நிக்கேக்கை என்னெண்டு உருக்கிறது?”

கைபேசி அடித்தது. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மகன் மயூரதன் ஓடிவந்து எடுத்தான். திரையில், இராணுவச் சீருடையில், அவனுக்கு நிச்சயித்த தக்சாயினி.

“மாமி, இன்னும் ஒரு வருசம் நிக்கச்சொல்லிக் கையெழுத்துக் கேக்கினம்.”

ஞானாம்பிகை மகனிடமிருந்து கைபேசியைப் பறித்தாள்.

“கையெழுத்து வைக்காதை, பிள்ளை. எங்களிட்டை வந்திடு.”