எங்கள் பரம்பரையிலேயே கிடையாது

மாப்பிள்ளைப் பையன் சக்கரம் வைத்த பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு படியேறியதைப் பார்த்ததும் கலாதேவிக்கு வாயெல்லாம் பல்.

பெண் பார்க்க வருகிறவர்கள் பழமும் பூவும் கொண்டுவருவார்கள். பெட்டியையே கொண்டுவந்தால் உள்ளே என்னவெல்லாம் இருக்கும்!

கூட வந்தது ஒரே ஒரு பெண்மணி. பஞ்சாபி சூட்டுக்கு மேல் கறுப்புக் கோட்டு. ஈப்போ வெயிலில் கோட்டு! பையனின் அக்காவாக இருக்க வேண்டும், ஏதோ பெரிய வேலையிலும் இருக்க வேண்டும். அப்பா அம்மா ஏன் வரவில்லை? கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. முதல் நாளே குடைந்தால் நன்றாயிருக்காது என்று விழுங்கிக்கொண்டாள்.

காம்பார் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் தினேஸ்வரிதான் போன வாரம் சொன்னாள். யுகேந்திரன் என்று ஒரு சீனியராம், வீட்டுக்கு வந்து பெரியவர்களைப் பார்க்க வேண்டுமாம். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள். பெற்றவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

பெரியப்பா வீடு, அத்தை வீடு, பழைய தோட்டத்து ஆட்கள் என்று எல்லாரையும் கூப்பிடச் சொன்னதும் அவள்தான். சொந்தக்காரர் தலையைக் கண்டாலே அறைக்கதவைச் சாத்துகிற பெண்! பட்டுச் சேலையை நீட்டியபோதுகூட மறுபேச்சில்லாமல் உடுத்திக்கொண்டாள்.

'படிக்கப் போன இடத்தில் அந்தப் பிள்ளை என்ன கூத்தடிக்கிறதோ' என்று சாடை பேசிய வாய்களெல்லாம் இன்று இந்த ஹாலில் கேசரி தின்றுகொண்டிருந்தன. ராகு காலம் பிறக்குமுன் பையன் வீட்டிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்துவிட வேண்டும். கலாதேவிக்கு வேறொன்றும் வேண்டாம்.

பெண்மணி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"வீட்டுல யாருக்காச்சும் இனிப்பு நீர் இருக்குங்களா?"

ஆகா, விவரமான இடம்! பரம்பரை நோயை விசாரிக்கிறார்கள்.

"அய்யய்யோ, எங்க பரம்பரையிலேயே கிடையாதுங்க!"

சர்க்கரை நோய்க்குத் தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளும் கணவரின் அண்ணன் மாயாண்டி, கேசரியை மெல்லாமல் அப்படியே நிறுத்தினார்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். கலாதேவி இதுவரை ஒன்றுதான் சொல்லியிருந்தாள்.

மூட்டு வலி? கிடையாது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த நாத்தனார் சட்டென்று கையை மடியில் வைத்துக்கொண்டாள். ரத்தக் கொதிப்பு? பேச்சுக்கே இடமில்லை. ராத்திரியில் தூக்கம் வராமல் யாராவது? நாங்கள் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டோம்!

அவள் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்லப் பெண்மணியின் முகம் தொங்கிக்கொண்டே போனது. பையன் கழுத்துப் பட்டையால் நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

கலாதேவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண் வீட்டில் நோய் இல்லையென்று வருத்தப்படுகிற மனிதர்களும் உலகத்தில் உண்டா? என்ன ஜென்மங்கள் இவர்கள்?

கடைசியில் யுகேந்திரன் பெட்டியைத் திறந்தான். எல்லார் கழுத்தும் நீண்டது.

உள்ளே பச்சை டின்கள். வெற்றிலைத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவற்றை மேசையில் அடுக்கினான். பெண்மணி எழுந்து நின்றாள். பாகற்காய்ப் பொடியின் மகிமையில் தொடங்கி, ஒருவர் இரண்டு பேரைச் சேர்க்க, அந்த இரண்டு பேர் நான்கு பேரைச் சேர்க்க, உட்கார்ந்த இடத்திலேயே காசு கொட்டும் கதைக்கு வந்தாள்.

யார் முகத்திலும் ஈயாடவில்லை. மாயாண்டியின் மனைவி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்புத்தான், வேறென்ன!

கலாதேவிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாவிப்பயல்! என் பிள்ளை மனதில் ஆசையை மூட்டிவிட்டு, வீடேறி வந்து டின் விற்கிறானே!

"என்னா தம்பி இது? பொண்ணு பாக்கத்தானே வந்தீங்க?"

யுகேந்திரன் திருதிருவென்று விழித்தான்.

"பொண்ணா? இல்லலா ஆன்ட்டி. தினேஸ் எங்க டீம்ல சேந்து ஒரு மாசமாச்சு. இது அவங்க கூட்டுன மொத மீட்டிங்."

புளுகுகிறான். வாய் கூசாமல் புளுகுகிறான்! இல்லை என்று நீயே ஒரு வார்த்தை சொல்லடி என்று கலாதேவி மகள் பக்கம் திரும்பினாள்.

அடுப்படி வாசலில், பட்டுச் சேலையில் நின்றிருந்த தினேஸ்வரியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் வரவில்லை. இடுப்போரம் மடித்து வைத்திருந்த கையிலிருந்து ஒரு விரல் மட்டும் நீண்டு, ஒவ்வொரு நாற்காலியாகத் தாண்டி வந்தது.

ஆள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அம்மாவிடம் வந்ததும் விரல் நின்றது.

பிறகு அவளையும் சேர்த்துக்கொண்டது.